துண்டு போடாம சாப்பிட முடியுமா? ஆர்லாண்டோ போற மதுரைக் குடும்பத்துக்கு ஒரு பதில்

தம்பி, நீங்க கேட்டதை மொதல்ல ஒருக்கா சொல்லிடுறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் வெளங்கணும்ல. டிசம்பர் ரெண்டாவது வாரம் ஆர்லாண்டோ டிஸ்னி, அஞ்சு நாளு, மொத்தம் ஏழு பேரு. அப்பாவுக்கு சுகர், அம்மா முட்டை கூடத் தொடமாட்டாங்க, அண்ணன் பிள்ளைக ரெண்டு, ஆறு வயசும் நாலு வயசும். அட்லாண்டால இருக்குற அண்ணி அறுபது நாளைக்கு முந்தியே எல்லா ரெஸ்டாரண்ட்லயும் டேபிள் ரிசர்வேஷன் போட்டாகணும்னு எக்ஸெல் ஷீட்டு அனுப்பிருக்காங்க, அதுல அஞ்சு நாளைக்கு ஒம்போது டேபிள். அப்பா "பசிச்சா சாப்பிடப் போறோம், இதுக்குப் போயி முகூர்த்தக்கால் நடுவாங்களா"ங்குறாரு. யாரு சொல்றது சரின்னு கேட்டிருக்கீங்க.

அப்பா சொல்றதுதான் முக்காவாசி சரி. ஒம்போதுல ரெண்டை வச்சுக்கிட்டு மிச்சம் ஏழு டேபிளை அடிச்சிருங்க. ஆனா ரிசர்வேஷன் இல்லாம போறதுன்னா சும்மா கையை வீசிக்கிட்டுப் போறதுன்னு அர்த்தம் இல்ல, எங்க சாப்பிடுறதுங்குறதை அப்ப பாத்துக்கலாம், எத்தனை மணிக்கு சாப்பிடுறதுங்குறதை மட்டும் முன்கூட்டியே மனசுல வச்சிருக்கணும், அந்தக் கணக்கு தெரியாம போனீங்கன்னா பகல் பன்னெண்டரைக்கு ஏழு பேரும் தட்டைக் கையில வச்சுக்கிட்டு உக்கார எடமில்லாம நிப்பீங்க, அப்ப அண்ணி ஒரு பார்வை பாப்பாங்க பாருங்க, அதுக்கு நான் பொறுப்பில்ல.

நான் கோரிப்பாளையம் பக்கம் சின்னதா ஒரு டிராவல்ஸ் வச்சிருக்கேன். நாலு தடவை அங்கிட்டுப் போயிருக்கேன், ரெண்டு தடவை குடும்பத்தோட, ரெண்டு தடவை குரூப்பைக் கூட்டிக்கிட்டு. மொத தடவை போனது 2016ல. அப்பல்லாம் அறுபது நாள் இல்ல, 180 நாளைக்கு முன்னாடியே டேபிள் போடலாம், கொரோனாவுக்குப் பார்க்கை மூடித் திறந்தாங்கள்ல, அதுக்கப்புறம்தான் அறுபதாக் குறைச்சாங்க. என் மச்சான் ஆறு மாசத்துக்கு முந்தி அலாரம் வச்சு உக்காந்து நாளுக்கு ரெண்டு டேபிள்னு போட்டு வச்சிட்டாரு. ஆறு மாசம் கழிச்சு இன்ன தேதி சாயந்தரம் 5.40க்கு நமக்குப் பசிக்கும்னு ஜோசியக்காரனாலயும் சொல்ல முடியாது, ஆனா நாங்க போட்டோம்.

நடந்தது என்னன்னா, அன்னைக்கு சின்னவன் தள்ளுவண்டிலயே தூங்கிட்டான், அதனால மத்தியானச் சாப்பாடு மூணு மணிக்குப் போச்சு. அஞ்சு மணிக்கு ஒரு ரைடு வரிசைல நிக்கிறோம், முக்காவாசி தூரம் வந்தாச்சு, இன்னும் பதினஞ்சு நிமிஷத்துல ஏறிருவோம், மச்சான் கைக்கடிகாரத்தைப் பாத்துட்டு "கெளம்புங்க கெளம்புங்க, டேபிள் போயிரும், தலைக்குப் பத்து டாலர் புடிச்சிருவான்"னு வெரட்டுறாரு. பெரியவ அழுதுகிட்டே வரிசையை விட்டு வந்தா. ஓட்டமும் நடையுமாப் போயி உக்காந்தா ஒருத்தருக்கும் பசியில்ல. பாதித் தட்டை அப்புடியே வச்சிட்டு பில்லைக் கட்டிட்டு வெளிய வந்தோம், 240 டாலர். அந்த ரெஸ்டாரண்டைக் குறை சொல்ல மாட்டேன், சாப்பாடு நல்லாத்தான் இருந்திருக்கும், எங்க வயித்துல எடம் இல்ல. அன்னைக்கு ராத்திரி ஒம்போதரைக்கு எல்லாருக்கும் அகோரப் பசி, ஒரு கவுண்டர்ல உருளைக்கிழங்கு வறுவலும் பீட்சாவும் வாங்கி நடைபாதை ஓரத்துல உக்காந்து தின்னோம், இன்னைக்கும் எங்க வீட்டுல அந்த டிரிப்பைப் பத்திப் பேச்சு வந்தா அந்த வறுவலைப் பத்தித்தான் பேசுறாங்க.

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வர்றாரே, மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்னு, தீபாராதனை வாங்கி, திரும்பக் கெளம்பி, அவருக்கு அது அழகு. நாலு வயசுப் பிள்ளையை வச்சுக்கிட்டு நாம அப்புடிப் போக முடியாது.

சரி, இந்த ரிசர்வேஷன் எப்புடி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாத்தான் அது இல்லாம எப்புடி சமாளிக்கிறதுன்னு புரியும். உங்க தேதிக்கு அறுபது நாள் முன்னாடின்னா அக்டோபர் நடுவுல வரும், அங்க காலைல ஆறு மணிக்கு ஆன்லைன்ல திறக்கும், நமக்கு அப்ப சாயந்தரம் மூன்றரை. டிஸ்னி ஓட்டல்ல தங்குறவங்க தங்குற மொத்த நாளைக்கும், பத்து நாள் வரைக்கும், ஒரே மூச்சுல போட்டுக்கலாம், வெளிய தங்குறவங்க ஒவ்வொரு நாளாத்தான் போடணும். அதனால மொத நாளே பேர் போன இடமெல்லாம் போயிரும், அண்ணி பதட்டப்படுறதுக்குக் காரணம் இதுதான். ஆனா அதுக்கப்புறம் நடக்குறதை யாரும் சொல்றதில்ல. பெரும்பாலான இடத்துல சாப்பாட்டு நேரத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும் கேன்சல் பண்ணா காசு கெடையாது. அதுக்கு மேல கேன்சல் பண்ணாலோ வராமப் போனாலோதான் தலைக்குப் பத்து டாலர். சில இடத்துல மொத்தப் பணமும் முன்னாடியே கட்டணும், அது தனிக் கேஸு.

இதோட விளைவு என்ன? நம்ம ஊருல மாட்டுத்தாவணில பஸ்ஸு உள்ள நுழையும்போதே ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டுப் புடிப்பாங்கள்ல, அதேதான். ஒரே குடும்பம் நாலு சீட்டுக்கு ஆறு துண்டு போட்டு வைக்கும். அதே நாளைக்கு ரெண்டு மூணு இடத்துல டேபிள், எந்தப் பார்க்குக்குப் போறோம்னு முடிவு பண்ணதும் மிச்சத்தை விட்ரும். அதனால மொத நாள் ராத்திரியும், அன்னைக்கே சாப்பாட்டுக்கு ரெண்டு ரெண்டரை மணி நேரம் முன்னாடியும் துண்டு துண்டா எடுப்பாங்க. பத்து டாலர் பயம் வந்துரும்ல. அறுபது நாள் முன்னாடி "இல்லை"ன்னு காட்டுன இடம் அன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்கு போன்ல டிஸ்னி ஆப்பைத் தொறந்தா "6.15 இருக்கு"ன்னு காட்டும். நான் குரூப்போட போனப்ப பெரும்பாலும் இப்புடித்தான் புடிச்சேன். சும்மா வரிசைல நிக்கிற நேரத்துல போனைத் தொறந்து பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான், அதுவும் ஒரு பொழுதுபோக்கு.

இன்னொண்ணு வாக்-அப் லிஸ்ட்டு. டிஸ்னி ஆப்புலயே இருக்கும், ரெஸ்டாரண்ட்டுக்குப் பக்கத்துல போனாத்தான் சேர விடும், வீட்டுல உக்காந்துக்கிட்டு சேர முடியாது. பேரைக் குடுத்துட்டா டேபிள் ரெடியானதும் மெசேஜ் வரும், அதுவரைக்கும் பக்கத்துல சுத்திக்கிட்டு இருக்கலாம். நம்ம கல்யாண வீட்டுல ரெண்டாம் பந்திக்கு, சாப்பிடுறவங்க முதுகுக்குப் பின்னாடி நாற்காலியைப் புடிச்சுக்கிட்டு, அவங்க எப்ப மோருக்கு வருவாங்கன்னு எட்டிப் பாத்துக்கிட்டு நிப்போமே, அதைவிட இது எவ்வளவோ மரியாதை. லிஸ்ட்டு எப்பவும் தொறந்திருக்காது, கூட்டம் கழுத்தை நெரிச்சா மூடிருவாங்க, கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பப் பாருங்க.

இப்ப நான் சொல்ல வந்த விசயத்துக்கு வரேன். மதுரைக்காரன் வயிறு இருக்கே, அது அங்க ஒரு சொத்து. அமெரிக்காக்காரன் மத்தியானம் பதினொன்றரைலருந்து ஒன்றரைக்குள்ள சாப்பிடுவான், ராத்திரிச் சாப்பாடு அஞ்சுலருந்து ஏழரைக்குள்ள முடிச்சிருவான். நாம மத்தியானம் ரெண்டு மணி, ராத்திரி ஒம்போது, அதுக்கு மேல பத்தரைக்கும் பரோட்டா தட்டுற சத்தம் கேட்டா உள்ள போயி உக்காருவோம். தூங்கா நகரத்துல பொறந்துட்டு சாயந்தரம் 5.40க்கு டின்னரான்னு உங்க அப்பா கேட்டா அதுல நியாயம் இருக்கு. நம்ம பழக்கத்தை மாத்தாம ரெண்டரைக்கும் எட்டு மணிக்கும் போனாலே பாதிப் பிரச்சனை காணாமப் போயிரும், டேபிளும் கெடைக்கும், கவுண்டர்லயும் கூட்டம் இருக்காது. எட்டு மணிக்கு வாக்-அப் கேட்டா பல நேரம் பத்து இருவது நிமிஷம்தான்.

ஆனா இதுல ஒரு சிக்கல், மொத ரெண்டு மூணு நாள் உங்க வயிறு மதுரை நேரத்துலயும் இருக்காது அமெரிக்கா நேரத்துலயும் இருக்காது. டிசம்பர்ல பத்தரை மணி நேர வித்தியாசம். அங்க சாயந்தரம் ஏழு மணின்னா இங்க விடியக்காலை அஞ்சரை. அப்பா அம்மா விடியக்காலை மூணு மணிக்கு முழிச்சு உக்காந்துக்கிட்டு காப்பி எங்கம்பாங்க, சாயந்தரம் ஆறு மணிக்கு உக்காந்த இடத்துலயே சாமியாடுவாங்க. அதனால மொத ரெண்டு நாளைக்கு சாயந்தரம் நாலு நாலரைக்கே ராத்திரிச் சாப்பாட்டை முடிச்சிருங்க, அதுவும் கூட்டமில்லாத நேரம்தான். மூணாம் நாளுலருந்து எட்டு மணிக்கு மாறிக்கங்க. அண்ணி ஷீட்டுல மொத நாளே ராத்திரி 7.30க்கு பெரிய டேபிள் ஒண்ணு இருக்குன்னு எழுதிருந்தீங்க, அதைத்தான் மொதல்ல அடிக்கணும், தட்டுலயே தலை சாஞ்சிரும்.

கவுண்டர் சாப்பாட்டுக்கு மொபைல் ஆர்டர்னு ஒண்ணு இருக்கு, 2017லருந்து இருக்கு, இதைப் பழகிக்கங்க. ஆப்புல சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்து எத்தனை மணிக்கு வருவோம்னு ஒரு நேரத்தைப் போட்டுடலாம், அங்க போயி "வந்துட்டேன்"னு அமுக்குற வரைக்கும் அடுப்புல வைக்க மாட்டாங்க, பசி வரலைன்னா விட்ரலாம், நஷ்டமில்ல. காலைலயே ரெண்டு மணிக்குப் போட்டு வச்சுக்கலாம், பன்னெண்டு மணிக்குப் போட்டா நேரம் ஒண்ணேகால் ஒன்றரைன்னு தள்ளிப் போயிரும். இதுவும் ரிசர்வேஷன்தானேன்னு கேட்டா ஆமா, ஆனா இது கால்ல கட்டுன சங்கிலி இல்ல, இடுப்புல சொருகுன துண்டு, எப்ப வேணா உருவிக்கலாம்.

உங்களுக்கு உண்மையான பிரச்சனை ஏழு பேருங்குறதுதான். ரெண்டு பேரு நாலு பேருக்கு டேபிள் உடனே கெடைக்கும், ஏழுக்கு ரெண்டு டேபிளை ஒட்டிப் போடணும், அதுக்கு ரெண்டு குடும்பம் ஒரே நேரத்துல எந்திரிக்கணும். அதனால நாலு, மூணுன்னு பிரிஞ்சுக்கங்க. வாக்-அப்ல நாலுக்கு ஒண்ணு, மூணுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா பேரைக் குடுங்க, அஞ்சு பத்து நிமிஷ இடைவெளில ரெண்டும் வந்துரும், பல நேரம் பக்கத்துப் பக்கத்துலயே கூட. குடும்பமா வந்துட்டு பிரிஞ்சு சாப்பிடுறதான்னு அம்மா ஒரு மாதிரி பாப்பாங்க, பாட்டிக்கூட ரெண்டு பேரப்பிள்ளைகளை உக்கார வச்சுருங்க, அவங்களுக்கு அதைவிட வேற என்ன வேணும். இதுல ஒரு லாபமும் இருக்கு, டேபிள்ல உக்காந்து சாப்பிடுற இடத்துல ஆறு பேரு, அதுக்கு மேல இருந்தா பில்லுலயே 18 சதவீதம் டிப்ஸ் தானா ஏறிரும். பிரிஞ்சு உக்காந்தா நீங்களே போடலாம், போடாம வந்துராதீங்க, அங்க சர்வர் சம்பளமே அதுலதான் ஓடுது, 18லருந்து 20 வழக்கம். மெனுல போட்ருக்க வெலைக்கு மேல ஆறரை சதவீதம் வரியும் வரும். கவுண்டர்ல டிப்ஸ் வேணாம்.

ரெஸ்டாரண்டுகளோட ஒட்டி லவுஞ்சுன்னு இருக்கும், அங்க பெரும்பாலும் ரிசர்வேஷன் கேக்க மாட்டாங்க, காலியா இருந்தா உக்காரலாம், பிள்ளைகளையும் விடுவாங்க. சில இடத்துல உள்ள கெடைக்கிற சாப்பாடே இங்கயும் கெடைக்கும். நான் ஒரு தடவை என் மாமியாரை அப்புடி ஒண்ணுல உக்கார வச்சேன், அவங்க பாட்டில் வரிசையா அடுக்கியிருக்குறதைப் பாத்துட்டு "ஏப்பா, என்னைய பாருக்கா கூட்டியாந்த"ன்னு சத்தம் போட்டாங்க. நீங்க மொதல்லயே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க.

ஆர்லாண்டோ டிஸ்னில நாலு பார்க்கு, பார்க்கு பார்க்கா சொல்றேன். மேஜிக் கிங்டம் 1971ல ஆரம்பிச்சது, நாலுலயும் மூத்தது, கூட்டமும் இங்கதான். காஸ்மிக் ரேய்ஸ்னு ஒரு பெரிய கவுண்டர் ஹால் இருக்கு, கல்யாண மண்டபம் சைஸு, எடம் கெடைச்சிரும், சத்தம் தாங்காது. கொலம்பியா ஹார்பர் ஹவுஸ்ல மாடிக்கு ஏறுங்க, அமைதியா இருக்கும், அப்பா கால் நீட்டி உக்காரலாம். டிசம்பர்ல இன்னொரு விசயம், சில நாள் கிறிஸ்துமஸ் பார்ட்டிக்குத் தனி டிக்கெட் போட்டு சாயந்தரம் ஆறு மணிக்கு மத்தவங்களை வெளிய அனுப்பிருவாங்க. அந்த நாள்ல பகல்ல கூட்டம் கம்மியா இருக்கும், அது நல்லது. ஆனா ஆறு மணிக்கு வெளிய வர்ற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல பசிக்கும், சுத்தியுள்ள ஓட்டல்ல எல்லாம் மொய்ச்சிருவாங்க. அன்னைக்கு நாலு மணிக்கே உள்ளயே சாப்பிட்டுட்டு வெளிய வந்துருங்க.

எப்காட்டு, இதுதான் திட்டமில்லாம சாப்பிடுறவனுக்கு சொர்க்கம். ஏரியைச் சுத்தி பதினோரு நாட்டுக் கட்டடம், மெக்சிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலின்னு வரிசையா போயி கனடால முடியும், ஒரு சுத்து கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர். டிசம்பர்ல ஹாலிடேஸ் திருவிழா ஓடும், வழி நெடுக சின்னச் சின்னக் கடை போட்டு கையடக்கத் தட்டுல ஒவ்வொரு ஊருச் சாப்பாடும் விப்பாங்க. டவுன்ஹால் ரோட்டுல ஒரு ஜிகர்தண்டா, கொஞ்சம் தள்ளி ஒரு பருத்திப்பால், அங்கிட்டு ஒரு வடைன்னு பையப்பைய நடந்துக்கிட்டே வயித்தை நெரப்புவோமே, அச்சு அசல் அதுதான். இங்க ரெண்டு மணி நேரம் டேபிள்ல உக்காரணும்னு ஷீட்டுல போட்டிருந்தா அது பாவம். ஒரு நாட்டுல சூப்பு, அடுத்த நாட்டுல பிரெட்டு, பிரான்ஸ்ல பேக்கரி, ஏழு பேரும் ஆளுக்கொரு வாய் பங்கு போட்டுக்கிட்டே போங்க. உக்கார எடம் மட்டும் கம்மி, அப்பாவை ஏரி ஓரமா ஒரு பெஞ்சுல உக்கார வச்சிட்டு நீங்க வாங்கியாந்து குடுங்க. வெயிலடிச்சா எப்காட்லயே லேண்டுங்குற கட்டடத்துக்குள்ள சன்ஷைன் சீசன்ஸ்னு ஏசி ஹால் இருக்கு.

அனிமல் கிங்டம் வெள்ளனவே மூடிருவாங்க, அங்க எட்டு மணி டின்னர் கணக்கு நடக்காது. அங்க அவதார் படத்து பண்டோரா பக்கம் சாத்துலி கேன்டீன்னு ஒரு கவுண்டர், கிண்ணத்துல சோறு வச்சு மேல நமக்கு வேணுங்குறதை எடுத்துக்கலாம், டோஃபுவும் உண்டு, சாஸைக் கொஞ்சம் கூடக் கேட்டு வாங்குனா நம்ம நாக்குக்கு ஒத்துவரும். ஹாலிவுட் ஸ்டூடியோஸ் சாப்பாட்டைப் பொறுத்தவரைக்கும் எனக்கு அவ்வளவா பிடிக்கல, ரைடுக்குப் போங்க, பசிச்சா கெடைச்சதைத் தின்னுட்டு வாங்க.

அம்மா விசயம். ஆப்பு மெனுலயும் போர்டுலயும் சின்னதா ஒரு இலைக் குறி பாப்பீங்க, அதுல கறி, பால், முட்டை, தேன் எதுவும் இருக்காது, அம்மாவுக்கு அதுதான் கண்ணை மூடிக்கிட்டு வாங்கக்கூடியது. வெறுமனே வெஜிடேரியன்னு சொன்னா அங்க முட்டை அதுக்குள்ளதான் வரும், கறி, மீன், முட்டை, கறி வேகவச்ச தண்ணி எதுவும் வேணாம்னு உடைச்சுச் சொல்லுங்க. வறுக்குற எண்ணெய் ஒண்ணான்னும் கேளுங்க, அவங்களுக்கு அது முக்கியம்னா. இதுல ஒரு உண்மையை ஒத்துக்கணும், சுத்த சைவத்துக்கு டேபிள் சர்வீஸ்தான் நல்லது, கேட்டா விசாரிச்சுத் தனியா செஞ்சு குடுப்பாங்க, கவுண்டர்ல இருக்குறதுதான் இருக்கும். அதனாலதான் ரெண்டு டேபிளை வச்சுக்கங்கன்னு சொன்னேன், அதுல ஒண்ணு அம்மாவுக்கு.

அது எதுன்னா, அனிமல் கிங்டம் லாட்ஜுங்குற டிஸ்னி ஓட்டல்ல இருக்குற சனாங்குற ரெஸ்டாரண்ட். ஆப்பிரிக்காவும் இந்தியாவும் கலந்த சமையல், பிரெட் சர்வீஸ்னு ஒண்ணு, நான், குல்ச்சா, பன்னீர் பராத்தா மாதிரி ரொட்டிகளும் தொட்டுக்க ஒம்போது கிண்ணமும் வரும், புளிச் சட்னி, மல்லிச் சட்னி, ஊறுகாய் எல்லாம் அதுல உண்டு. நான் ரொட்டி மாவுல முட்டை இருக்கான்னு மட்டும் கேட்டுக்கங்க. ஜன்னலுக்கு வெளிய ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும், ஆனா டிசம்பர்ல அங்க சாயந்தரம் அஞ்சரைக்கெல்லாம் பொழுது சாஞ்சிரும், ராத்திரி டேபிள் போட்டா கண்ணாடில உங்க மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு சாப்பிடணும். அனிமல் கிங்டம் போற அன்னைக்கு மத்தியானமே வெளிய வந்து வெளிச்சம் இருக்குறப்பவே அங்க உக்காருற மாதிரி போட்டுக்கங்க.

இன்னொரு டேபிள் பிள்ளைகளுக்கு. மிக்கி, இளவரசின்னு வேஷம் போட்டவங்க டேபிளுக்கே வர்ற காலைச் சாப்பாடு. அது ரிசர்வேஷன் இல்லாம கெடைக்கிறது கஷ்டம், அந்த ஒண்ணுல அண்ணி சொல்றதுதான் சரி. பெரியவங்களுக்கு இடத்தைப் பொறுத்து தலைக்கு 60 டாலர் பக்கம் வரும், பத்து வயசானாலே பெரியவங்க கணக்கு, உங்க பிள்ளைகளுக்கு அது இல்ல. ஏழு பேருக்கும் போட்டா வரி டிப்ஸோட 400 டாலரை அசால்ட்டா தாண்டும். அண்ணன், அண்ணி, பிள்ளைக ரெண்டு, நாலு பேருக்கு மட்டும் போடச் சொல்லுங்க, நீங்களும் அப்பா அம்மாவும் அன்னைக்கு நிம்மதியாத் தூங்கி எந்திரிச்சுப் பதினோரு மணிக்குப் போங்க. எந்த இட்லி சட்னியும் இல்லாத காலைச் சாப்பாட்டுக்கு அம்மாவுக்கு எதுக்கு 60 டாலர்.

அப்பா சுகர். இதுலதான் நான் கண்டிப்பா இருப்பேன். ஒரு தடவை ஒரு பார்க்குல, எதுன்னு வேணாம், குரூப்புல வந்த ஒரு பெரியவரை நான் பாட்டுக்கு "இன்னும் பத்து நிமிஷம், இன்னும் பத்து நிமிஷம்"னு ஒண்ணேகால் மணி நேரம் காக்க வச்சிட்டேன், மாத்திரையைப் போட்டுட்டாரு, சாப்பாடு வரல, வேர்த்துக் கொட்டி கையெல்லாம் நடுங்குது. பையில கெடந்த கடலை முட்டாய் காப்பாத்துச்சு. தப்பு முழுக்க என்னுது. அன்னைலருந்து மாத்திரையோ ஊசியோ சாப்பாடு கண்ணுக்கு முன்னாடி வந்தப்புறம்தான், பையில பிஸ்கட்டும் இனிப்பும் இல்லாம யாரையும் கெளப்புறதில்ல. நேர வித்தியாசத்துக்கு டோஸை எப்புடி மாத்துறதுன்னு கெளம்புறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கங்க. ஊசி மருந்தைக் குளிர்ல வைக்கணும்னா ஒவ்வொரு பார்க்குலயும் ஃபர்ஸ்ட் எய்டு இருக்கு, அங்க குடுத்து வைக்கலாம். கவுண்டர்ல எங்க கேட்டாலும் ஐஸ் தண்ணி ஒரு கப் சும்மா குடுப்பாங்க, நாலு டாலர் குடுத்து பாட்டில் வாங்காதீங்க.

டிஸ்னில வெளிச் சாப்பாட்டை உள்ள கொண்டு போகலாம், இது நம்மாளுக நெறைய பேருக்குத் தெரியாது. கொச்சி வொண்டர்லாவுல வாசல்லயே பையைப் பிரிச்சுப் பாத்து எடுத்து வச்சிருவாங்களே, அந்த நெனப்புலயே போவாங்க. சூடு பண்ணத் தேவையில்லாத சாப்பாடா இருக்கணும், சாராயம் கூடாது, கண்ணாடி பாட்டில் கூடாது, அவ்வளவுதான். சூடு பண்ணத் தேவையில்லாத சாப்பாட்டுக்கு நம்ம ஊருலயா பஞ்சம்? புளியோதரை, தயிர்சாதம், சப்பாத்தி. அண்ணன் அட்லாண்டாலருந்து கார்லயே வர்றதாச் சொன்னீங்க, குக்கரும் அரிசியும் டிக்கில போட்டுட்டு வரச் சொல்லுங்க, டிஸ்னிக்குப் பக்கத்து ஊரான கிஸ்ஸிமீ பக்கம் சமையலறையோட வாடகை வீடு எடுத்தா ஏழு பேருக்கு ஓட்டலைவிடச் சிக்கனமா வரவும் வாய்ப்பிருக்கு. விடியக்காலை மூணு மணிக்கு முழிச்சிருக்குற அம்மாவுக்கும் ஒரு சோலி ஆச்சு. ஒரு நேரம் கட்டுச்சோறு, ஒரு நேரம் அங்க கெடைக்கிறது, இதுதான் எங்க குரூப்புல ஓடுற கணக்கு. கார் இருக்குறதால ஒரு ராத்திரி இண்டர்நேஷனல் டிரைவ்ங்குற ரோட்டுப் பக்கம் போனா இந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கு. டிஸ்னி ஸ்பிரிங்ஸுங்குற அவங்க கடைவீதிக்கு டிக்கெட்டும் இல்ல பார்க்கிங் காசும் இல்ல, ஆனா சனி ஞாயிறு சாயந்தரம் போயிராதீங்க.

டிஸ்னி போக யுனிவர்சல் பார்க்குக்கும் போவீங்களான்னு சொல்லல. போனா ஹாரி பாட்டர் பக்கம் இருக்குற த்ரீ புரூம்ஸ்டிக்ஸும் லீக்கி கால்ட்ரனும் கவுண்டர் கடைதான், ரிசர்வேஷனே கெடையாது. சிங்கப்பூர் யுனிவர்சலுக்கு இந்த வேதனையே வேணாம், வெளிய வந்து செந்தோசா ரயில்ல ஏறுனா விவோசிட்டி மால்ல எறங்கி எது வேணா சாப்பிடலாம். டோக்கியோ டிஸ்னில ஒரு மாசம் முன்னாடி புக்கிங் திறக்கும், அங்க மொழியும் சேந்து படுத்தும், அங்க மட்டும் நான் அண்ணி கட்சி.

கிறிஸ்துமஸுலருந்து புத்தாண்டு வரைக்கும் உள்ள வாரத்துல போறவங்க இதைப் படிச்சிட்டு என்னைய நம்பி வந்துராதீங்க, அந்த வாரம் எட்டு மணிக்கும் கூட்டம், ரெண்டரைக்கும் கூட்டம், நாலஞ்சு டேபிள் போட்டுக்கிட்டே போங்க. தம்பி, உங்க தேதி ரெண்டாவது வாரம், தப்பிச்சீங்க.

அண்ணிகிட்ட எப்புடிச் சொல்றதுன்னும் கேட்டிருந்தீங்க. அந்த ஷீட்டை அழிக்கச் சொல்லாதீங்க, ராத்திரி உக்காந்து செஞ்சிருப்பாங்க, மனசு கஷ்டப்படும். அதுல மணி போட்ருக்குற கட்டத்தை மட்டும் எடுத்துட்டு, ஒவ்வொரு பார்க்குலயும் எந்தப் பக்கம் இருந்தா எந்தக் கடை கிட்ட, அங்க அம்மாவுக்கு என்ன கெடைக்கும், உக்கார நிழல் இருக்கான்னு ரெண்டு ரெண்டு கடைப் பேரு மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்க. அது கையில இருந்தா பசிச்ச எடத்துல நின்னுக்கிட்டு ஏழு பேரும் ஏழு தெசையைக் காட்ட மாட்டீங்க. அப்புறம் தயிர்சாதத்துக்கு ஊறுகாய் கொண்டு போவீங்கள்ல, கண்ணாடி பாட்டிலா இருந்தா வாசல்லயே வாங்கி வச்சிருவாங்க, பிளாஸ்டிக் டப்பால மாத்திக்கங்க.